மரப்பாச்சி: செதுக்கும் கையும் சீராட்டும் கையும்

மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் தெற்கிலும், கானாவில் வோல்டா ஆற்றுக்குக் கிழக்கேயும் எவே மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடையே இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இறந்துபோனால், ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் மரப்பொம்மை ஒன்றைச் செதுக்கச் சொல்வது வழக்கம். 'வெனாவி' என்பது அதன் பெயர். உயிரோடிருக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வெனாவியையும் குளிப்பாட்ட வேண்டும். பிள்ளைக்கு ஊட்டும்போது இதன் வாயிலும் ஒரு விரல் தொட்டு வைக்க வேண்டும். பிள்ளைக்குப் புதுத் துணி எடுத்தால் இதற்கும் ஒரு துண்டு கிழித்துக் கட்ட வேண்டும். வெளியே கிளம்பும் தாய் இடுப்புத் துணியில் அதைச் செருகிக்கொண்டு போவாள். இரட்டையருக்கு உயிர் ஒன்றுதான், அதில் பாதியைக் கவனிக்காமல் விட்டால் மீதிப் பாதியும் பின்னாலேயே போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட இத்தகைய உருவங்களுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஓரிடத்தில் பொம்மை, வேறோரிடத்தில் சிலை, மற்றோரிடத்தில் தெய்வ உரு. விளையாட்டுப் பொருளா, வழிபாட்டுப் பொருளா, மருந்தா என்ற கேள்வி நூறாண்டுக்கும் மேலாக அவற்றைத் துரத்திவருகிறது. தமிழர்களின் மரப்பாச்சியைப் பற்றி எழுதுகிறவர்களும் இதே மூன்று பெட்டிகளில் ஒன்றில்தான் அதைப் போட்டு மூடப் பார்க்கிறார்கள். மரப்பொம்மை என்னவாக ஆகும் என்பதைத் தீர்மானிப்பது அதை வைத்துச் சீராட்டும் வீடுதான், உளி வேலை அதற்கு முன்னுரை மட்டும்தான் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கான ஆதாரங்களையும், அதற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றையும் இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

பாலிக் புலாவில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்கப் பொம்மையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பினாங்குத் தீவின் இந்தப் பின்புறத்தில் சாதிக்காயும் கிராம்பும் டுரியானும் விளைகின்றன. சீனர் கோயிலும் மலாய்க் கம்பமும் மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தீவு இது. இங்கே ஒருவர் பொம்மை இன்னொருவருக்குக் கடவுள், ஒருவர் கடவுள் இன்னொருவருக்கு வேடிக்கை. எது பொம்மை, எது சாமி என்ற கேள்வி எங்களுக்கு அன்றாடக் கேள்வி.

முதலில் மேற்கு ஆப்பிரிக்காவையே முழுதாகப் பார்த்துவிடுவோம். எவே மக்களுக்குக் கிழக்கே பெனினில் ஃபோன் மக்களிடமும், அதற்கப்பால் நைஜீரியாவில் யொருபா மக்களிடமும் இரட்டையர் பொம்மை உண்டு. யொருபாக்கள் அதை 'இபேஜி' என்பார்கள். உலகில் இரட்டைப் பிறப்பு மிக அதிகமாக உள்ள இடங்களில் யொருபா நாடும் ஒன்று. ஒரே சூலில் வரும் பிள்ளைகள் எடை குறைந்து பிறப்பதும், அவற்றில் ஒன்று தங்காமல் போவதும் முன்பெல்லாம் அடிக்கடி நடந்தது. ஆகவே அன்று இபேஜி பல வீடுகளில் இருந்தது. அதைத் தாய் தினமும் கழுவுவாள், எண்ணெய் தடவுவாள், 'ஓசுன்' என்னும் சிவந்த மரப்பொடியை உடம்பெல்லாம் பூசுவாள், தலைமுடிக்கு நீலம் ஏற்றுவாள். அந்த நீலம் பல வீடுகளில் வெள்ளைத் துணிக்குப் போடும் ரெக்கிட்ஸ் நீலம்தான். இப்படிக் கழுவிக் கழுவியே மூக்கும் உதடும் மழுங்கிப்போன இபேஜிகள் உண்டு. சேகரிப்பாளர்கள் இன்று அதிக விலை கொடுப்பது அந்த மழுங்கலுக்கே. தச்சர் செதுக்கியதைத் தாய் தேய்த்து அழித்திருக்கிறாள், அழிந்த இடத்தில்தான் மதிப்பு கூடியிருக்கிறது.

கானாவின் அசாந்தே மக்களின் 'அக்குவா பா' வேறு வகை. பிள்ளை வேண்டும் பெண், தட்டு போன்ற வட்டத் தலையுடைய பொம்மையொன்றை முதுகில் கட்டிச் சுமப்பாள். பிள்ளை பிறந்த பின் அது கோயிலுக்குத் திரும்பிப் போகலாம், அல்லது பிறந்த குழந்தையின் கைக்கே விளையாடப் போகலாம். வேண்டுதலாகத் தொடங்கியது காணிக்கையாகவோ விளையாட்டாகவோ முடிகிறது. எந்தப் பெட்டியில் இதைப் போடுவது? ஒரே பொம்மை தன் ஆயுளுக்குள் எல்லாப் பெட்டிகளுக்கும் போய்வருகிறது.

மர்லின் ஹூல்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இன்னொரு செய்தியைச் சொன்னது. யொருபாத் தாய்மார் பலர், செதுக்கிய இபேஜிக்குப் பதிலாகச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மையை வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். குளிப்பாட்டலும் ஊட்டலும் அப்படியே தொடர்ந்தன. கலை அழிகிறதே என்று வருந்தியவர்கள் உண்டு. அந்தத் தாய்மாருக்கோ எதுவும் அழியவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கடமை நடந்துகொண்டிருந்தது. சீராட்டும் கைதான் பொம்மையை ஆக்குகிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். என்னிடமுள்ள மரப்பாச்சிச் சோடியைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்கிறேன். ஆண் உரு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. பெண் உரு அதைவிட ஒரு விரற்கடை குள்ளம். இரண்டும் செம்மரம், தண்ணீரில் போட்டால் கல்லாக மூழ்கும். முதுகுப் பக்கம் வெறும் தட்டை, உளி இறங்கிய தடம் அப்படியே கிடக்கிறது. கைகள் உடம்பைவிட்டுப் பிரியவே இல்லை, விலாவில் ஒட்டிய இரண்டு மேடுகள் அவ்வளவுதான். கால்களுக்கு நடுவே ஒரு கோடு கீறியிருக்கிறது, ஒளி புகும் இடைவெளி கிடையாது. மூக்கு சின்ன முக்கோணம், கண் ஒரு கீறல். காதுக்கும் கழுத்துக்கும் மட்டும் ஏனோ நிறையக் கவனம் எடுத்திருக்கிறார் தச்சர். மற்ற இடங்களில் கொஞ்சம் செதுக்கி நிறுத்திவிட்டார்.

அந்த நிறுத்தத்தைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒட்டிய கையும் பிரியாத காலும் இருந்தால் எத்தனை தடவை கீழே விழுந்தாலும் உடைய ஒன்றுமில்லை. முதுகு தட்டையாக இருந்தால் சேலை சுற்றலாம், வேட்டி கட்டலாம், மடிப்பு நிற்கும். காதும் கழுத்தும் எடுப்பாக இருந்தால் தோடும் சங்கிலியும் தங்கும். மீதியை வீட்டிலுள்ள பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே விட்ட மீதி அது. திருப்பதியில் யாத்திரிகர்கள் பெருமாளும் தாயாருமாக வாங்கிவரும் செம்மரப் பொம்மைகளிலும் இதே அடக்கம் உண்டு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளும் கடைசலில் சுழன்று அரக்குச் சாயம் பூசி முழுதாக முடிந்து வருபவை. அவை அழகானவை, ஆனால் வீட்டுக்கு அவற்றில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

மரப்பாச்சி சோடியாகவே வரும், தனியாக வராது. தாய் மகளுக்குக் கல்யாணச் சீரோடு கொடுத்தனுப்புவாள். கன்னட வீடுகளில் 'பட்டத கொம்பெ' என்று இதே சோடிக்கு இதே மரியாதை. நவராத்திரியில் கொலுப்படியில் வேறு எந்தப் பொம்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மரப்பாச்சி இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகள் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பழைய பட்டின் கரையைக் கிழித்துப் புதிதாக உடுத்தி, சரிகையும் பாசிமணியும் சாத்தி உட்கார்த்துவார்கள். பத்தாம் நாள் இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை முடிப்பார்கள். அடுத்த நாள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள். மற்ற மாதங்களில் அதே சோடி பிள்ளைகளின் கையில் கல்யாணம் கட்டும், சோறு சமைக்கும், சண்டை போடும். பூசைக்கும் விளையாட்டுக்கும் நடுவில் தீட்டுக் கழிக்கும் சடங்கு எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. கூடத்திலிருந்து திண்ணைக்குப் போவதும் திரும்பி வருவதும்தான்.

மருந்து என்ற மூன்றாம் பெட்டியும் பொய்யல்ல. பிள்ளைக்கு வீக்கம், வேர்க்குரு, சிரங்கு என்றால் மரப்பாச்சியைச் சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி, அந்தச் செங்குழம்பைப் பற்றுப் போடுவார்கள். பல் முளைக்கும் பிள்ளை கடித்தாலும் பாதகமில்லை என்பார்கள். செஞ்சந்தனம் என்றும் பெயருள்ள இந்தச் செம்மரத்துக்குச் சித்த வைத்தியத்தில் உள்ள இடம் தெரிந்ததே. யொருபாத் தாயின் பழக்கத்தோடு இதை வைத்துப் பாருங்கள். அவள் சிவந்த மரத்தின் பொடியை எடுத்துப் பொம்மைக்குப் பூசுகிறாள். நம் பாட்டி சிவந்த மரப் பொம்மையை உரசிப் பிள்ளைக்குப் பூசுகிறாள். ஓசுன் பொடி தரும் மரங்களில் ஒன்றும் நம் செம்மரமும் தாவரவியலார் 'டெரோகார்ப்பஸ்' என்று பெயரிட்ட ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றதாக எந்தத் தடயமும் இல்லை. சிவந்த சாறுடைய மரத்தைக் கண்ட இரண்டு நாட்டுப் பெண்களும் அதைப் பிள்ளையின் உடம்போடு சேர்த்து நினைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இன்று கடையில் செம்மரம் என்று விற்பதில் பல வேறு ஏதோ மரத்துக்குச் சிவப்புச் சாயமேற்றி வார்னிஷ் அடித்தவை. அவற்றை உரசிப் பிள்ளையின் தோலில் தடவவோ, வாயில் வைக்கக் கொடுக்கவோ கூடாது. பழைய பழக்கம் பழைய மரத்தோடு சேர்ந்தது. மரம் மாறிவிட்ட பிறகு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்வது பிள்ளைக்குக் கேடு.

மரப்பாச்சிக்கும் வெனாவிக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. அதை மறைத்து ஒப்பிட்டால் ஒப்பீடே பயனற்றது. வெனாவி இறந்த பிள்ளைக்கு. மரப்பாச்சியோ கல்யாணத்துக்கு, விளைச்சலுக்கு, வம்சத்துக்கு. மரணம் அதன் பக்கத்தில் வருவதில்லை. அப்படியானால் தமிழர் இறந்த பிள்ளையை எங்கே வைத்தார்கள்? திருநெல்வேலிப் பக்கத்துக் கன்னி வழிபாட்டில் விடை இருக்கிறது. மணமாகாமல் இறந்த பெண்பிள்ளையை அந்தக் குடும்பம் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடும். ஒரு பெட்டியில் அவளுக்கென்று சேலை, வளையல், கண்ணாடி, சீப்பு. வருடம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பழைய துணியை எடுத்துப் புதுத் துணி வைத்துப் படையல் போடுவார்கள். உருவம் எதுவும் தேவைப்படாது. அவள் உடுத்த வேண்டிய துணியே அவள். எவே தாய் இறந்த பிள்ளைக்கு மரத்தில் உடம்பு கொடுத்தாள். தமிழ்த் தாய் உடம்பை விட்டுவிட்டு உடையைக் காத்தாள். இருவரும் செய்த வேலை ஒன்றுதான்: போன பிள்ளைக்கு வளரும் பிள்ளையின் பங்கை நிறுத்தாமல் கொடுத்துவருவது.

அக்குவா பாவுக்கு நம்மிடம் நிகர் தேட வேண்டியதே இல்லை. பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் சின்ன மரத்தொட்டிலைக் கட்டுகிறார்களே, அதில் பல தொட்டில்களுக்குள் ஒரு பொம்மையும் படுத்திருக்கும். அந்தத் தொட்டிலைக் கைத்தொழில் என்று எந்த ஆய்வாளரும் பெரிதாக எடுத்து எழுதியதாகத் தெரியவில்லை. கோயில் வாசல் கடையில் சில ரூபாய்க்கு விற்கும் பொருள் என்பதாலோ என்னவோ. என்னைக் கேட்டால், கொலுப் பொம்மைகளைப் பற்றி வந்திருக்கும் வண்ணப் படப் புத்தகங்களைவிட அந்தத் தொட்டில்களைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு அவசரத் தேவை.

ஆடும் பொம்மைகள் தனிக் கிளை, சுருக்கமாகவே தொட்டுப் போகிறேன். மரப்பாவை கயிற்றால் ஆடுவதைத் திருக்குறள் நாணுடைமை அதிகாரத்திலும் இரவு அதிகாரத்திலும் உவமையாக எடுத்தாள்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிய பெரிய பொம்மைகள். கயிறுகளை இரும்பு வளையத்தில் கட்டி ஆட்டுபவர் தன் தலையில் மாட்டிக்கொண்டு, கையால் கம்பிகளை இயக்குவார். பினாங்கில் எங்களுக்குப் பழகியது ஹொக்கியன் சீனர்களின் 'போத்தேஹி'. தலையும் கையும் காலும் மரம், உடல் வெறும் துணிப்பை, உள்ளே ஆட்டுபவரின் கை. சீனாவின் ஃபூஜியான் மாநிலத்திலிருந்து வந்த கலை. கோயில் திருவிழாவில் மேடையைச் சன்னதியைப் பார்த்துப் போடுவார்கள், ஏனென்றால் முதல் பார்வையாளர் சாமி. ஆள் கூட்டம் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். பெங் கியோக் ஹோங் போன்ற பழைய குழுக்கள் இப்படிப் பல ஆண்டுகள் ஆடியிருக்கின்றன. அவர்களிடம் கற்ற இளையவர்கள் 'ஓம்பாக் போத்தேஹி' என்ற குழுவாகச் சேர்ந்து, பினாங்கின் கதைகளையே மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து மேடையேற்றுகிறார்கள். இந்த முயற்சியிலிருந்து தமிழர்கள் கற்க நிறைய இருக்கிறது. அந்த இளையவர்கள் பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து கைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நம் மரப்பாச்சி மலாயாவில் ஏன் வேர்பிடிக்கவில்லை? ஜார்ஜ்டவுன் குயீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நவராத்திரி அங்கே விமரிசையாக நடக்கும், விசயதசமிக்கு அம்மன் தேரில் லிட்டில் இந்தியாவைச் சுற்றிவருவாள். ஆனால் வீட்டுக் கொலு இங்கே எப்போதும் சிலருடைய வழக்கமாகவே இருந்தது. தமிழ்நாட்டில் கொலு வைத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் கூடமும் உடைய மேல்சாதி வீட்டார். பால்மரக் காட்டுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் ஒப்பந்தக் கூலியாகவும், பிறகு 1938 வரை ஆள்சேர்க்கும் கங்காணி வழியாகவும் வந்தவர்களுக்கு ஊரிலேயே கொலுப்படி கிடையாது. இங்கே கிடைத்தது தொழிலாளர் வரிசைவீடான ஒற்றை அறை லயம். 1926 முதல் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலில் வந்த தகரப் பெட்டிகளில் சாமி படமும் விபூதிப் பையும் வந்திருக்கும், மரப்பாச்சி வந்திருக்க நியாயம் குறைவு. வந்த சிலவும் செட்டியார், பிள்ளைமார், அரசாங்க உத்தியோகத்தர் வீடுகளுக்கு வந்தவை. தோட்டத்துப் பிள்ளைகள் துணியைச் சுருட்டிப் பொம்மை செய்து இடுப்பில் வைத்து விளையாடினார்கள். அதுவும் சீராட்டுதான். அதை எவரும் பத்திரப்படுத்தவில்லை என்பதுதான் இழப்பு.

ஆகவே மரப்பாச்சியை 'நம் எல்லோருடைய பாரம்பரியம்' என்று மேடையில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது சிலருடைய வீட்டு வழக்கம். எல்லோருடையதாகவும் ஆகலாம், ஆக வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆனால் அதற்குச் சாதியும் கூடமும் கேட்காத வடிவம் ஒன்று இங்கே பிறக்க வேண்டும். இன்று மலேசியக் கோயில்களில் பொதுக்கொலு வைப்பது பெருகிவருவது நல்ல வாய்ப்பு. அங்கே இருப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து இறக்குமதியாகும் காகிதக்கூழ், களிமண் பொம்மைகள். பார்க்கலாம், தொடக் கூடாது.

மரம் என்ற பிரச்சினை இதற்குமேல் நிற்கிறது. செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது ஆந்திராவின் சேசாசலம் முதலிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியில் மட்டும். 1995 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கடத்தல் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள், திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் மலைக் கிராமத்தார் அவர்களில் அதிகம். மரத்தை வெட்டச் சொன்னவர்கள் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை. பொம்மைக்குப் போகும் துண்டுக் கட்டையால் காடு அழியவில்லை என்பது உண்மை. கடத்தப்படும் கட்டையின் பெரும்பகுதி கிழக்காசியாவில் விலையுயர்ந்த மரச்சாமானாகிறது. ஆனாலும் ஒரு பொம்மைக்குச் செம்மரம்தான் வேண்டும் என்று கேட்கும்போது அந்த இருபது பேரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எவே நாட்டிலும் கதை வேறில்லை. டோகோ, கானாக் காடுகளில் வளரும் இன்னொரு டெரோகார்ப்பஸ் இனமும் அதே கிழக்காசியச் சந்தைக்காக வெட்டப்பட்டு, 2016இல் ஜொகன்னஸ்பர்க் மாநாட்டில் அதே இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பினாங்குக்கு இதில் ஒரு வழி திறந்தே இருக்கிறது. சாலையோரம் நிழல் தரும் அங்சானா மரமும் டெரோகார்ப்பஸ்தான், செம்மரத்துக்கும் வேங்கைக்கும் தங்கை. மலாய்க்காரர்கள் சேனா என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூ ஒரே நாளில் பூத்துத் தெருவெல்லாம் உதிரும் மரம். பட்டையைக் கீறினால் சிவப்புச் சாறு கசியும். வைரம் இளஞ்சிவப்பிலிருந்து பழுப்புவரை. செம்மரத்தைவிட இலேசு, ஆகவே உளிக்கும் இணங்கும். புயலில் முறிந்த கிளைகளும் சாலை விரிவுக்கு வெட்டிய கட்டைகளும் குப்பைக்குப் போகின்றன. உரசிப் பற்றுப் போட இது உதவுமா என்று நான் சொல்லமாட்டேன், அது வைத்தியர்கள் வேலை. பொம்மைக்கு உதவும்.

எதிர்க்கேள்வி ஒன்று வரும். யொருபாத் தாய்க்குப் பிளாஸ்டிக் போதுமென்றால் நமக்கும் போதாதா? போதும், சீராட்டுகிறவர் இருந்தால். ஆனால் யொருபாத் தாய் பிளாஸ்டிக்குக்கு மாறியபோது சீராட்டும் முறை அவள் கையில் உயிரோடு இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த முறையையே புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. முகமும் உடையும் முழுதாக முடிந்து வரும் பொம்மை எதையும் கற்றுத்தராது. பாதி செதுக்கி நிறுத்திய மரத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை தானாகவே துணியைத் தேடும்.

செய்முறையும் கடினமில்லை. ஒரு சாண் உயரம், ஆணும் பெண்ணுமாகச் சோடி, முனைகள் மழுங்கல், சாயமோ வார்னிஷோ இல்லாமல் தேங்காய் எண்ணெய் மட்டும். கோயில் கொலுவில் கீழ்ப்படியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு கூடை நிறையச் சேலைத் துண்டுகளும் நூலும் மணியும் வைக்கலாம். எந்த வீட்டுப் பிள்ளையும் வந்து உடுத்திவிடலாம், பத்தாம் நாள் விருப்பப்பட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். துணி வெட்டித் தைத்துத்தரப் பாட்டிமார் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். செதுக்கத்தான் ஆள் தேட வேண்டும். ஜார்ஜ்டவுனில் கடைப் பெயர்ப்பலகைகளை மரத்தில் வெட்டும் சீனக் கைவினைஞர்கள் சிலராவது மிஞ்சியிருக்கிறார்கள். ஓர் அங்சானாக் கட்டையையும் பழைய சோடி ஒன்றையும் கொண்டுபோய் முதலில் அவர்களிடம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.